பிள்ளைகளோடு தூண்டில்: மச்சான் குட்டையில் ஐந்து மாதம்

நோட்டில் முதல் பதிவு இப்படி இருக்கிறது: "ஜனவரி, மூணாவது ஞாயிறு. காலை 7.30 முதல் 11.30 வரை. மீன்: 0. அறுந்த தூண்டில் நரம்பு: 2. அழுகை: 3 (பாப்பா 2, பெரியவன் 1)." அதற்குக் கீழே பெரியவன் பென்சிலால் "அப்பா திட்டு: 14" என்று சேர்த்திருக்கிறான். எப்போது எழுதினான் என்று தெரியாது. கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

வியாசர்பாடியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வீடு கொடுங்கையூர். பெரியவனுக்கு எட்டு வயது, பாப்பாவுக்கு ஐந்து. நான் தூண்டில் பழகியது எண்ணூர் முகத்துவாரத்தில், அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போய். மடவை, கெளுத்தி, யோகம் இருந்தால் ஒரு கொடுவா. பிள்ளைகளையும் அங்கேயே கூட்டிப் போக வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்ததே, அதைப் பார்த்த பிறகு ஐந்து வயசுப் பிள்ளையை அந்தத் தண்ணியில் கை நனைக்க விட மனசு வரவில்லை. செங்குன்றம், சோழவரம் எல்லாம் ஊருக்குக் குடிக்கத் தண்ணி கொடுக்கிற ஏரிகள். இஷ்டத்துக்கு இறங்கித் தூண்டில் போடுகிற இடம் இல்லை.

மிச்சம் இருந்தது மச்சான் குட்டை. காரனோடைப் பாலம் தாண்டி, ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோட்டில் திரும்பி, பெரியபாளையம் போகிற பாதையில் உள்ளே. செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம். இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைச்சல். சூளை நின்று பல வருஷம் ஆகிவிட்டதால் அடியில் வேலம்பாசி பிடித்து, அது சேற்றைக் கிளம்ப விடாமல் பிடித்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் டீ நிறத்தில் இருக்கும் தண்ணி, பொங்கல் தாண்டினால் கண்ணாடி. எட்டு அடி ஆழத்தில் கிடக்கிற தேங்காய் ஓடு தெரியும். மச்சான் அதில் ஜிலேபி மீனை அதன் போக்கில் விட்டுவிட்டு, இரண்டு வருஷம் முன்னால் கொடுவாக் குஞ்சும் வாங்கி விட்டிருந்தார்.

கொடுவா கடல் மீனாச்சே, குட்டையில் எப்படி என்று பட்டறையில் எல்லாரும் கேட்டார்கள். அது உப்புத் தண்ணியில் முட்டையிட்டு, ஆறு கழிமுகம் என்று ஏறி வந்து வளர்கிற ஜாதி. நல்ல தண்ணியில் தாராளமாக வளரும், இனம் மட்டும் பெருகாது. சென்னையில் இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் இதை அடைப்பில் வைத்தே முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தது. அதற்கு அப்புறம்தான் வளர்க்கிறவர்கள் குஞ்சுக்குக் கழிமுகத்தையே நம்பி இருக்க வேண்டிய நிலைமை மாறியது. இன்னொரு விஷயம், பெரியவனிடம் சொல்லப் போய் ஒரு வாரம் தூங்க விடாமல் கேள்வி கேட்டான்: கொடுவா முதலில் ஆணாக இருக்கும், சில வருஷம் கழித்துப் பெண்ணாக மாறும். "அப்போ அது மொதல்ல அப்பா, அப்பறம் அம்மாவா?" என்றாள் பாப்பா. ஆமாம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

பெரியவனுக்குப் பைத்தியம் பிடித்ததே யூடியூபால்தான். அமெரிக்காவில் தெளிந்த ஏரிகளில் படகில் நின்றுகொண்டு பாஸ் மீன் பிடிக்கிறார்களே, அது. அந்த மீன் வட அமெரிக்காவின் நன்னீர் மீன், செங்குன்றத்தில் தேடினாலும் கிடைக்காது என்றேன். முகம் தொங்கிவிட்டது. நம்ம கொடுவாவுக்கும் இங்கிலீஷில் கடல் பாஸ் என்றுதான் பேர், இரண்டும் சொந்தக்காரர்கள் இல்லை, ஆனால் குணம் ஒன்று என்று சமாதானம் செய்தேன். இரண்டுமே மறைவில் நின்று பாயும். பெரிய வாய். மாட்டினால் தண்ணிக்கு மேலே எம்பித் தலையை உதறும். அந்த வீடியோக்களில் சொல்கிற தெளிந்த தண்ணி வித்தைகளில் பாதி இங்கேயும் செல்லும் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் பூஜ்யத்துக்கு நான் கண்டுபிடித்த காரணம் பிள்ளைகள். கத்துகிறார்கள், ஓடுகிறார்கள், கல்லைப் போடுகிறார்கள், மீன் எப்படி நிற்கும்? வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரம்மா ஒன்றும் பேசவில்லை. மாதவரம் ரவுண்டானா வந்ததும், "நீங்க நின்ன எடத்துலயும்தான் ஒன்னும் கடிக்கல" என்றாள்.

இரண்டாவது தடவை போனதில் என் கட்டை விரலில் தூண்டில் முள் ஏறியது. பெரியவன் வீச, பின்னால் நின்ற என் கையில். முள்ளின் கொண்டி, அதாவது பின்னோக்கி நிற்கிற பல், அது வரைக்கும் உள்ளே. ரோட்டோர கிளினிக்கில் எடுத்து ஊசி போட்டு அனுப்பினார்கள். என் விரலாக இருந்தது நல்லது, பாப்பா கன்னமாக இருந்திருந்தால் இந்தப் பதிவே கிடையாது. அன்று ராத்திரியே டப்பாவில் இருந்த முள் அத்தனையையும் கொட்டி, மூக்குக் குறடால் கொண்டியை நசுக்கிவிட்டேன். கொண்டி இல்லாவிட்டால் மீன் நழுவிவிடும் என்பார்கள். நரம்பைத் தளர விடாமல் வைத்திருந்தால் அவ்வளவாக நழுவுவதில்லை. திருப்பி விடுகிற மீனுக்கும் காயம் குறைச்சல். அந்த வாரமே ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் வாங்கியாயிற்று. சூளைப் பள்ளம் ஏரி மாதிரி சரிவாக இறங்காது. இரண்டு எட்டு வைத்தால் மூன்றாவது எட்டுக்குத் தரை இருக்காது. பிள்ளை ஒன்றுக்குப் பெரியவர் ஒருவர் என்பது மச்சான் போட்ட சட்டம். அம்மாவோ மாமாவோ வராத நாளில் தூண்டில் கிடையாது.

பிறகு ராடு, அதாவது தூண்டில் கம்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பிழைப்பு இதுதான்.

வீட்டில் இருந்தது ஏழு அடி ஃபைபர் கிளாஸ் ராடு, உள்ளே குழல். நுனி பத்து அங்குலம் குட்டி யானை வண்டிக் கதவில் மாட்டி உடைந்து வருஷக்கணக்காகப் பரணில் கிடந்தது. பிள்ளைக்கு நீளம் குறைந்தால் நல்லதுதானே என்று உடைந்த இடத்தைச் சீவி, அங்கேயே ஒரு நுனி வளையத்தை ஒட்டிக் கொடுத்திருந்தேன். அதுதான் முதல் தப்பு. ராடின் வளைவு முழுக்க நுனியில்தான் இருக்கிறது. நுனி போன ராடு துடைப்பக் கட்டை. இலேசான இரையை வீச முடியாது, மெல்லிய நரம்பு மாட்டினால் மீன் ஒரு உதறு உதறியதும் பட்டென்று அறும். முதல் நாள் அறுந்த இரண்டுமே அப்படிப் போனதுதான்.

காசிமேட்டுப் பக்கம் ஒரு கடையில், குழல் இல்லாத கெட்டி ஃபைபர் நுனி ஒன்று தனியாகக் கிடைத்தது. அடியில் மூன்று மில்லிமீட்டர் கனம், நுனியில் ஒன்றரை. இதை ராடின் குழலுக்குள் சொருகி ஒட்ட வேண்டும். அப்படியே சொருகினால் ஆடும். குழலின் உள்பக்கம் நேர்க்குழாய் கிடையாது, மேலே போகப் போகச் சுருங்கும். அதனால் நுனியைக் கீழிருந்து செலுத்தி மேலே பிடித்து இழுத்தேன். எங்கே இறுகுகிறதோ அங்கே பென்சில் கோடு. பிறகு 220 நம்பர் எமரி பேப்பரைத் தண்ணியில் நனைத்து, விரலுக்கு நடுவில் பிடித்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். உலர்வாகத் தேய்த்தால் கண்ணாடித் தூள் மூச்சில் போகும், கையெல்லாம் அரிக்கும். நாலு தேய் தேய்த்து, இழுத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து, ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டும் ஒட்டிப் பிடிக்கும் வரை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. லேத்தில் டேப்பர், அதாவது போகப் போகச் சிறுக்கிற சரிவு, பிடிக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கையால் செய்யும்போதுதான் மிஷின் எவ்வளவு நல்ல பிள்ளை என்று புரிகிறது.

அரால்டைட் பசையைச் சரி பாதி கலந்து பூசி, இழுத்து இறுக்கி, வழிந்ததைத் துடைத்து ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைத்தேன். மூட்டின் வெளிவாயில்தான் பாரம் விழும், குழல் அங்கேதான் பிளக்கும். அந்த இடத்தில் தையல் நூலை ஒன்றோடொன்று ஒட்டி இரண்டு சென்டிமீட்டர் சுற்ற வேண்டும். நூல் உருண்டையைத் தடி புத்தகத்துக்குள் வைத்து அழுத்தினால் நூல் ஒரே இறுக்கத்தில் வரும். ராடைத் தொடையில் உருட்டினால் போதும், தானே சுற்றிக்கொள்ளும். கடைசி ஏழெட்டுச் சுற்றுக்கு முன்னால் மடித்த நரம்புத் துண்டு ஒன்றை அடியில் கொடுத்து, நூல் முனையை அதன் காதில் நுழைத்து இழுத்தால் முடிச்சு இல்லாமல் உள்ளே போய்விடும். மேலே மெல்லிசாக அரால்டைட். அது காயும்வரை ஒரு பக்கம் தொங்காமல் இருக்க ராடைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். டி.வி.யில் விளம்பரம் வரும்போதெல்லாம் கால் சுற்று என்று பாப்பாவிடம் ஒப்படைத்தேன். அன்றைக்கு விளம்பரத்துக்குக் குறைச்சலே இல்லை. பூச்சு கண்ணாடி மாதிரி வந்தது.

கைப்பிடியையும் குறைத்தேன். நரம்பு சுற்றுகிற ரீல் பூட்டுகிற இடத்தில் இருந்து அடிவரை பதினாலு அங்குலம் இருந்தது. பையன் சுற்றும்போது அடிக்கட்டை வயிற்றில் இடிக்கும். பிள்ளை ரீலைப் பிடித்துக் கையை மடக்கினால் அடிக்கட்டை முழங்கையைத் தொட்டால் போதும். பெரியவனுக்கு அது எட்டு அங்குலம். மிச்சத்தை அறுத்துவிட்டு, பேட்மின்டன் மட்டைக்குச் சுற்றுகிற கிரிப் டேப் சுற்றினேன். பாப்பாவுக்கு ரீலே வேண்டாம் என்று ஆறரை அடி மூங்கில், அதே நீளத்துக்கு நரம்பு. ரீல் இல்லாததில் சிக்கு விழாது. ஐந்து வயசுக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது என்பது என் கட்சி.

வீச்சுப் பழக்கம் மொட்டை மாடியில். முள்ளுக்குப் பதில் ஒரு நட், பதினைந்து அடியில் பிளாஸ்டிக் பக்கெட். முதல் நாள் நட்டு பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவைச் சுற்றிக்கொண்டது. நாலாவது நாள் பத்துக்கு ஆறு பக்கெட்டில் விழுந்தது. அதற்குப் பிறகு குட்டையில் மரத்தில் மாட்டுவது குறைந்தது, என் திட்டும் குறைந்தது. நோட்டில் அதற்கும் கணக்கு இருக்கிறது.

ரீலில் ஒரு சின்ன விஷயம். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது பிள்ளை விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நரம்பு ஒரு அங்குலம்கூட உள்ளே வராது, முறுக்கு மட்டும் ஏறும். அடுத்த வீச்சில் பறவைக் கூடு மாதிரி சிக்கு. "அது இழுக்குதா, நீ சும்மா இரு. அது நிக்குதா, நீ சுத்து." இதைப் பாட்டாகவே பாட வைத்தேன். டிராக், அதாவது ரீலின் பிரேக், எவ்வளவு இறுக்குவது என்பதற்குத் தராசு தேவையில்லை. முக்கால் லிட்டர் தண்ணி உள்ள பாட்டிலை நரம்பில் கட்டித் தூக்கினால் அப்போதுதான் மெல்ல இறங்க வேண்டும்.

இவ்வளவு செய்துவிட்டு பிப்ரவரி நடுவில் போனோம். பாப்பா மூங்கிலில் இரண்டு ஜிலேபி. எனக்கும் பெரியவனுக்கும் ஒன்றுமில்லை. கொடுவா இருப்பது தெரிகிறது. பாசி ஓரமாக நாலைந்து நிற்கின்றன. நான் கரைக்கு வந்ததும் அவசரமே இல்லாமல் நடுத் தண்ணிக்கு நகர்ந்துவிடுகின்றன.

அதைக் கண்டுபிடித்தவன் பெரியவன். மச்சானோடு மோட்டார் ரூம் மாடியில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மேலே இருந்து கத்தினான்: "ப்பா, நீ வந்தாதான் போவுது. பாப்பா நின்னா போவல!"

நம்பவில்லை. மச்சான், "மாமா, அவன் சொல்றது நெஜந்தான். நீங்க அந்தாண்ட போய்ட்டு மறுபடி வாங்க" என்றார். போய்விட்டு வந்தேன். போய்விட்டன. பாப்பாவை அதே இடத்தில் நிறுத்தினோம். ஜாக்கெட்டோடு, மாமா பிடித்த கையோடு, மாமா உட்கார்ந்த வாக்கில். கொடுவா திரும்பி வந்து பாசி ஓரம் நின்றது. அவள் அதற்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மீனுக்கு மேலுலகம் தெரிவது தலைக்கு மேலே ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான். தண்ணியில் ஒளி ஒடிவதால் கரையில் உள்ளதெல்லாம் சுமார் 97 டிகிரிக் கூம்புக்குள் நெருக்கப்பட்டுத் தெரியும். தண்ணி மட்டத்தை ஒட்டித் தாழ்வாக இருப்பது அந்த ஜன்னலின் விளிம்பில் நசுங்கி, கிட்டத்தட்டத் தெரியாமல் போகும். தூண்டில்காரர்கள் பத்து டிகிரி என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் தப்பிக்கலாம். இருபது அடி தூரத்தில் நிற்கிற மீனுக்கு அது மூன்றரை அடி உயரம். பாப்பா உயரம் மூன்றரை அடி. நான் ஐந்தடி எட்டு அங்குலம், அதிலும் வெள்ளைச் சட்டை. நான் மறைய வேண்டுமென்றால் முப்பத்திரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உட்கார வேண்டும்.

சத்தம்? காற்றில் பேசுகிற பேச்சின் ஒலி ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தண்ணிக்குள் இறங்கும், மிச்சம் மேல்மட்டத்தில் பட்டுத் திரும்பிவிடும். நான் நாலு மணி நேரம் பிள்ளைகளை "ஷ்ஷ்" என்று அடக்கியது வீண். ஆனால் தரையில் தம்தம் என்று நடந்தால் அதிர்வு மண் வழியாக நேரே தண்ணிக்குப் போகும். மீனுக்கு உடம்பின் இரண்டு பக்கமும் ஓடுகிற கோட்டில் அந்த உணர்ச்சி இருக்கிறது. குட்டைக் கரையில் யார் கால் கனம்? எண்பத்திரண்டு கிலோ, சேஃப்டி ஷூவோடு.

அன்றிலிருந்து சட்டம் மாறியது. பேசலாம், பாடலாம், குதிக்கவோ ஓடவோ கூடாது. எல்லாரும் உட்கார்ந்து. எனக்குப் பழைய காக்கிச் சட்டை, வெறுங்கால். சூரியனை முதுகில் வைத்து நின்றால் நிழல் தண்ணியில் விழுகிறது என்பதும் நோட்டில் ஏறியது. பிள்ளைகள் நிழல் சின்னது.

நரம்பையும் மாற்றினோம். 0.40 மி.மீ. கனம் போய், ஜிலேபிக்கு 0.16, பெரியவன் ரீலுக்கு 0.25. கொடுவாவுக்குக் கடைசி மூன்று அடி மட்டும் ஃப்ளூரோகார்பன் என்கிற வேறு வகை நரம்பு, 0.35. தண்ணியின் ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, சாதா நைலான் நரம்புக்கு 1.5-க்கு மேல். தண்ணிக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு கண்ணுக்குத் தெரியாது. அதையும் மெல்லிசாகப் போட ஆசைதான். ஆனால் கொடுவாவின் வாய் உப்புத்தாள் மாதிரி, செவுள் மூடி ஓரம் பிளேடு. ஒரு தடவை 0.25-ஐயே கட்டிப் பார்த்தேன். போனது கொடுவா மட்டும் இல்லை, இரையாகக் கட்டியிருந்த நூற்றெண்பது ரூபாய் ரப்பர் மீனும்.

தக்கைதான் எனக்குப் பிடித்த வேலை. செருப்பு ரப்பரில் வெட்டின தக்கை கலங்கல் தண்ணிக்குச் சரி. தெளிந்த தண்ணியில் அது தொப்பென்று விழும்போதே கூட்டம் கலைகிறது. ஜிலேபி இரையை வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடும். அந்த இலேசான உறிஞ்சலுக்குச் செருப்புத் துண்டு அசையாது. காலியான பேனா ரீஃபிலில் எட்டு சென்டிமீட்டர் வெட்டி, கழுவி, இரண்டு முனையையும் மெழுகுவத்தியில் காட்டி உருகும்போதே குறடால் அழுத்தினால் காற்றுப் புகாத குழாய். கீழ் முனைத் தட்டையில் ஊசியால் துளை. மேல் முனை ஒரு சென்டிமீட்டருக்கு நெயில் பாலிஷ், சிவப்பு. இரண்டு ரூபாய்கூட ஆகாது.

பாரம் சரியாக இருந்தால்தான் அது வேலை செய்யும். ஈயக் குண்டு போடலாம், ஆனால் பாப்பா எதையும் வாயில் வைக்கிற ஜாதி, ஈயம் விஷம். பட்டறையில் கிடக்கிற பித்தளையில் பொடிப்பொடியாகக் கடைந்து ஒன்றரை மில்லிமீட்டர் துளை போட்டேன். பெரியவன் ரப்பர் மீனுக்கு முன்னால் கோர்ப்பதற்கு 6 மி.மீ. கம்பியில் 9 மி.மீ. நீளம் வெட்டினால் இரண்டு கிராம் வரும். தக்கைக்கு அதெல்லாம் தாங்காது, மணி அளவுதான். வாளித் தண்ணியில் மிதக்கவிட்டு ஒவ்வொரு மணியாகக் கூட்டினோம். சிவப்பு மட்டும் வெளியே தெரிகிற நிலைமை வந்தால் நிறுத்தம். அந்த நிலைமையில் ஈ உட்கார்ந்தால் முங்குகிறது. பாப்பா அரை மணி நேரம் வாளியோடுதான் இருந்தாள்.

மார்ச் முதல் ஞாயிறு அவளுடைய நாள். குட்டையின் கிழக்கு ஓரம் மேடாக இருக்கும், இரண்டு அடித் தண்ணி. அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம் வட்டமாகப் பள்ளம், ஜிலேபி முட்டையிடத் தோண்டின கூடு. நடுவில் மண் வெளுத்து, பாசி சுத்தமாகத் துடைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் மேலே கறுத்த ஆண் ஜிலேபி ஒன்று காவல். பக்கத்துத் தட்டுக்காரன் எல்லை தாண்டினால் துரத்தும். பதினேழு தட்டு எண்ணினாள் பாப்பா. போலராய்டு கண்ணாடி போட்டால் மேல் மினுமினுப்பு போய் உள்ளே எல்லாம் தெரியும். அவள் அதைக் கழற்றித் தரவே இல்லை. மண்புழுவில் பாதியைக் கிள்ளி முள்ளில் கோர்த்து, தட்டின் நடுவில் இறக்கினோம். மீன் வந்து குனிந்து பார்த்தது. வாயால் தூக்கிக் குப்பையைக் கொட்டுகிற மாதிரி வெளியே கொண்டுபோய்த் துப்பியது. மறுபடி இறக்கினோம். மறுபடி தூக்கியது. சிவப்பு முனை இரண்டு மயிரிழை கீழே போனது, அவ்வளவுதான். "இப்போ!" என்றேன். அவள் அதற்கு முன்பே தூக்கிவிட்டாள். அன்று ஒன்பது. பிள்ளைகளுக்குத் தக்கையை வெறித்துக்கொண்டு உட்காரப் பொறுமை கிடையாது, ஆனால் மீன் கண்ணுக்குத் தெரிந்தால் அசைய மாட்டார்கள். தெளிந்த தண்ணி எங்களுக்குச் சாதகமாக இருந்தது இந்த ஒரு விஷயத்தில்தான், அதுவே போதுமானதாக இருந்தது. ஜிலேபி 1952-இல் வெளியில் இருந்து வந்து இங்கே ஊர்ப்பட்ட ஏரியை எல்லாம் ஆக்கிரமித்த மீன். ஒன்பது போனால் அந்தக் குட்டைக்குத் தெரியவும் தெரியாது. குழம்புக்கு முள் அதிகம் என்று வறுத்தாயிற்று.

நேரக் கணக்கு கொடுவாவுக்குத்தான் முக்கியம். ஜனவரியில் அது சுணங்கிக் கிடந்ததற்குக் குளிரும் ஒரு காரணம். வெயில் மீன் அது. மார்ச்சுக்கு மேல் உசுப்பேறும். ஆனால் தெளிந்த தண்ணியில் வெயில் ஏறினதும் பாசிக்குள் போய்விடும். விடியற்காலம் நல்ல நேரம் என்றாலும் நாலரைக்குப் பிள்ளைகளை எழுப்பி வண்டியில் ஏற்றுவது எவ்வளவு சுலபம் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். இரண்டு தடவை முயற்சி செய்தோம். பாப்பா கரையிலேயே தூங்கினாள். மாற்று, சாயங்காலம். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று அங்கே வரைக்கும் வந்துவிடுகிறது. கிழக்கில் இருந்து அடித்து, மேற்குக் கரையில் சிற்றலை எழுப்பும். அலை எழும்பினால் கண்ணாடி உடைந்த மாதிரி, மீனுக்கு வெளியே ஒன்றும் சரியாகத் தெரியாது. மிதக்கிற தூசி, பூச்சி எல்லாம் மேற்குக் கரையில் சேரும், பொடி மீன் அங்கே வரும், பின்னாலேயே கொடுவா. எதிர்க்காற்றில் வீசுவது பெரியவனுக்குக் கஷ்டம்தான். ஆனால் அந்தக் கரையில் இருபது அடி வீசினாலே போதும்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு, கடலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிக் காசிமேட்டில் மீன் விலை ஏறியிருந்த நேரம். மணி ஐந்தே முக்கால். மேற்குக் கரையில் நான்கு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். பெரியவன் இரண்டரை அங்குல ரப்பர் மீன், உடம்பு வழியாக எதிர்ப்பக்கம் தெரிகிற வெளிர் நிறம். பளபளக்கிற மஞ்சள் பச்சை எல்லாம் அந்தக் குட்டையில் ஒரு தடவைகூட எடுபடவில்லை. வீசி, அடியில் உட்கார விட்டு, இரண்டு சுற்று, நிறுத்தம். இரண்டு சுற்று, நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் வாங்கியது. ராடின் புது நுனி வளைந்து மூட்டு வரைக்கும் வந்தது. என் கண் நூல் சுற்றிய இடத்திலேயே இருந்தது. கொடுவா எம்பியது, செவுள் விரிந்து உள்ளே சிவப்பு தெரிந்தது, தலையை உதறியது.

"அது இழுக்குதா, நீ சும்மா இரு" என்று பாட ஆரம்பித்தவள் பாப்பா. பெரியவன் பாடவில்லை, வாயைத் திறந்தபடி இருந்தான், ஆனால் கை சரியாக நின்றது. நான் எழுந்து ஓடப் பார்த்தேன். மச்சான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

எட்டு நிமிஷம் இருக்கும். கைவலையில் வாங்கினோம். தொங்கு தராசில் ஒரு கிலோ நூறு. ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் திருப்பி விட வேண்டும் என்பது மச்சான் சட்டம். இது நூறு கிராமில் தப்பாமல் மாட்டியது. ஈரக் கையால் அடி வயிற்றைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னேன், செவுள் பக்கம் விரல் போகாமல். மங்கின வெளிச்சத்தில் அதன் கண் சிவப்பாக மின்னியது. பெரியவன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது இப்போ அப்பாவா அம்மாவா?" என்றான். இந்த வயசுக்கு அப்பாவாகத்தான் இருக்கும் என்றார் மச்சான். "அப்போ உட்ருலாமா மாமா? அம்மா ஆவட்டும்." மச்சான் என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன். வலையைத் தண்ணிக்குள் இறக்கிச் சாய்த்தோம்.

வீட்டுக்குப் போகிற வழியில் காரனோடையில் கோழி வாங்கினோம்.

மே மாதக் கணக்கு நோட்டில் இப்படி: நாலு தடவை, ஜிலேபி 31, கொடுவா 3, அழுகை 1 (ஐஸ்கிரீம் விஷயம்). செய்ய வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது. பெரியவன் ரீலின் வளையக் கம்பி ஸ்பிரிங் தளர்ந்து, வீசும்போது தானாக மூடிக்கொள்கிறது. அளவெடுத்து ஒன்று சுற்ற வேண்டும். ராடு மூட்டில் நூல் ஓரம் மயிரிழைக் கீறல் மாதிரி ஒன்று தெரிகிறது. பூச்சு மட்டுமா, உள்ளேயா என்று உரித்தால்தான் தெரியும். பாப்பாவுக்குத் தக்கை முனை ரோஸ் கலரில் வேண்டுமாம். ரோஸ் தண்ணியில் தெரியாது என்றேன். மீனுக்குத் தெரிய வேண்டாம், எனக்குத் தெரிந்தால் போதும் என்றாள்.